பத்து இல்லை

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். மூணே முக்காலுக்கே ஹெட்விக் உருளைக்கிழங்குத் தோலை ஓரமாகத் தள்ளிவிட்டு, மடிக்கணினியைச் சமையலறை மேசையில் வைத்து, கதவைத் திறந்து வைக்கிறவளைப் போலப் பொத்தானை அழுத்தினாள். திரையில் முதலில் வந்தது ஒரு கறுப்புக் கட்டம். அதன் அடியில் 'அலுவலகம்' என்று எழுதியிருந்தது. அது அவள்தான்.

கணினியின் கண்ணுக்கு மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி. ஒட்டிப் பத்து மாதம் ஆகிறது. யாராவது கேட்டால், "சமையலறையில வெளிச்சம் சரியில்ல" என்பாள். உண்மை வேறு. நோய்க்குப் பயந்து ஊரெல்லாம் கதவடைத்த அந்த வசந்தத்தில், யூதர்களின் ஜெப ஆலயம் திரைக்குள் குடிபுகுந்த முதல் வெள்ளிக்கிழமை, அவள் முகமும் ஒரு கட்டத்தில் இருந்தது. பிரார்த்தனை முடிந்த பிறகு யோசித்துப் பார்த்தாள். யார் வந்தார்கள், யார் பாடினார்கள், ஒன்றுமே நினைவில்லை. முழு நேரமும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கன்னம் தொங்குகிறதா, பேசும்போது உதடு ஏன் அப்படிக் கோணுகிறது, இந்த ஸ்வெட்டருக்கு முகம் வெளுப்பாகத் தெரிகிறதே. அறுபத்தொரு வயதுக்காரி, கடவுள் முன்னால் நின்றுகொண்டு! அன்றைக்கே மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து ஒட்டிவிட்டாள். வெட்கத்தினால் ஒட்டினாள். ஆனால் ஒட்டிய மறு நிமிஷம் மனசுக்குள் பரவிய நிம்மதி வெட்கம் தீர்ந்ததனால் மட்டும் வந்ததில்லை. அது என்ன என்று அவள் தோண்டிப் பார்த்ததும் இல்லை.

வேலை இருந்தது, அது போதும். இணைப்பு அனுப்புவது, வராதவர்களைத் தொலைபேசியில் பிடிப்பது, காது கேட்காதவர்களுக்கு ஒலியைக் கூட்டச் சொல்லித் தருவது, குறுக்கே நாய் குரைத்தால் அந்த வீட்டின் சத்தத்தை அணைப்பது. முன்பு ஆலயத்துக் கல் தரையில் நாற்காலி போட்டவள் இப்போது திரையில் போடுகிறாள், அவ்வளவுதான்.

இன்றைக்கு ஓல்காவின் முப்பதாவது நாள்.

ஓல்காவும் அவளும் முதியவர்களுக்குச் சமைத்துப் போடும் சமூகச் சமையற்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் ஒரே அடுப்பின் இரண்டு பக்கம் நின்றவர்கள். டிசம்பரில் ஓல்காவை அடக்கம் செய்தபோது குழியருகே நாலு பேருக்குத்தான் அனுமதி. நாலு பேரை வைத்துக்கொண்டு கதிஷ் சொல்ல முடியாது. இறந்தவர்களுக்காகச் சொல்லும் அந்தப் பிரார்த்தனையைக் கேட்டு 'ஆமென்' சொல்லப் பத்துப் பேர் வேண்டும். ஒற்றை மகன் மிக்லோஷ் அப்போது தாய் இறந்த அதே ஆஸ்பத்திரியில், இரண்டு மாடி மேலே, செயற்கை மூச்சுக்கருவியோடு கிடந்தான். "வேற யாரும் சொல்ல வேணாம். எந்திரிச்சு வந்து நானே சொல்றேன்" என்று தாளில் எழுதிக் காட்டினானாம். முந்தாநாள்தான் வீடு திரும்பினான். ஆக, ஓல்கா மண்ணுக்குள் போய் இத்தனை நாளில் அவளுக்காக ஒரு கதிஷ்கூட இல்லை.

காலையில் அவன் தொலைபேசியில் கேட்டான். "அத்தை, இந்தப் பனியில ஆளுங்க வருவாங்களா?"

"வெளியில வரணுமா என்ன? வீட்டுல உக்காந்து பொத்தானை அமுக்கணும். உங்க அம்மாவுக்கு வராம வேற யாருக்கு வருவாங்க?"

சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு இருந்தது. அந்த மிடுக்கு இப்போது, சன்னலுக்கு வெளியே டிமிஷ் ஆற்றின் மேல் சரம் சரமாக விழும் பனியைப் பார்க்கையில், லேசாக உள்வாங்கியது.

நாலு மணிக்கு முகங்கள் வரத் தொடங்கின. முதலில் எர்னோ மாமா. எண்பத்தொரு வயது, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். ரபி என்னும் மதகுரு இல்லாத அந்த ஊரில் பிரார்த்தனையை நடத்துகிறவர் அவர்தான். இரண்டு காதிலும் கருவி. பிறகு வேராவும் அவள் புருஷன் இவானும் ஒரே கட்டத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தார்கள். பல் மருத்துவர் லியா, க்ளினிக்கிலிருந்து, பின்னால் பெரிய பல் படம். கிழட்டுச் சகோதரர்கள் இருவர். நெற்றி மட்டும் தெரியும் கெட்டா. பேக்கரிக்கார மார்க். கடைசியாக மிக்லோஷ். பஸ் ஓட்டுகிறவனுக்கு இருந்த அகன்ற தோள்கள் எங்கே போயினவோ, சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது.

"மிக்லோஷ்! சாப்பிட்டியாடா?" என்று வேரா கத்தினாள். "காத்தடிச்சா பறந்துடுவே போலிருக்கே."

"சாப்பிட்டேன் அத்தை. ஹெட்விக் அத்தை பீன்ஸ் அனுப்பினாங்க."

"அவ அனுப்புற பீன்ஸ்ல மாமிசம் எங்கேன்னு தேடணும். நான் நாளன்னைக்கு அனுப்பறேன்."

இவான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மெழுகுவர்த்தி நாலு அம்பத்திரண்டுக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

சப்பாத் என்னும் ஓய்வுநாள் தொடங்கும் அந்த நிமிஷத்துக்குள் எல்லாக் கணினியும் அணைந்திருக்க வேண்டும். அதைத் தாண்டி ஒரு நொடிகூட எர்னோ மாமா ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஹெட்விக் எண்ண ஆரம்பித்தாள். அவர்கள் மனிதர்களை நேராக எண்ணுவதில்லை. எண்ணினால் கண் பட்டுவிடும். அதனால் ஒவ்வொரு எண்ணோடும் 'இல்லை' சேர்த்து எண்ணுவார்கள். கெட்ட கண் ஏமாந்து போய்விடுமாம். விரலைத் திரையில் ஒவ்வொரு முகமாக நகர்த்தி, உதடு அசையாமல் முணுமுணுத்தாள்: ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல... ஒம்பது இல்ல. விரல் நின்றுவிட்டது.

சாதாரண வெள்ளிக்கிழமையில் பதினாலு பதினைந்து பேர் வருவார்கள். அடுத்த ஐந்து நிமிஷம் அவள் தொலைபேசியும் கையுமாக நின்றாள். ஆற்றோரத் தெருவில் பனி கனத்துக் கம்பி அறுந்து மின்சாரமே இல்லை. அங்கே நாலு வீடு. ஒருவர், "ஃபோன்லயே பேசறேனே, குரல் போதாதா?" என்று கேட்டார். போதாது. கூட்டத்தைத் திரையில் நடத்தலாமா என்று தலைநகரத்து ரபியைக் கேட்டபோது அவர் சொன்ன பதில் எல்லோருக்கும் மனப்பாடம்: "இந்தக் காலத்துக்கு நடத்தலாம். ஆனா ஒவ்வொருத்தர் முகமும் எல்லாருக்கும் தெரியணும். மத்ததை நீங்களே பேசி முடிவு பண்ணுங்க." மற்றதைப் பேசி முடிவு செய்தார்கள். அதுவரை ஆண்களை மட்டும் எண்ணிய பத்தில் பெண்களையும் சேர்ப்பது என்று போன கோடையில் ஓட்டெடுத்தார்கள். வீடு வீடாகத் தொலைபேசி போட்டு ஓட்டு வாங்கியவளும் ஹெட்விக்தான்.

அந்த நேரம் பார்த்து மார்க்கின் முகம் உறைந்து நின்றது. வாய் பாதி திறந்தபடி.

"மார்க் போயிட்டான்" என்றார் இவான்.

"வாயைக் கழுவு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு" என்றாள் வேரா.

"திரையிலேர்ந்து போயிட்டான்னேன். உறைஞ்ச முகம் முகமா இல்லையா? எர்னோ, நீங்க சொல்லுங்க."

எர்னோ மாமா நிஜமாகவே யோசித்தார். "உறைஞ்சவன் ஆமென் சொல்ல மாட்டான். ஆமென் சொல்லாதவனை எண்ணக் கூடாது."

"அப்ப ஜெப ஆலயத்துல வேற ஆளு நடத்தும்போது மூணாவது வரிசையில தூங்கினீங்களே மாமா, அப்பெல்லாம்?" என்றாள் லியா.

"நான் கண்ணை மூடிட்டுக் கேட்டுட்டிருந்தேன்" என்றார் எர்னோ மாமா கௌரவமாக. அதற்குள் மார்க்கின் முகம் அசைந்து, "என்னாச்சு, ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றது.

மிக்லோஷ் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலாகி, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான். கையில் ஒரு தாள் இருந்தது. எபிரெயு எழுத்து படிக்கத் தெரியாதவன், கதிஷைத் தனக்குத் தெரிந்த எழுத்தில் பெரிது பெரிதாக எழுதி வைத்திருந்தான்.

நாலு பதினாறு.

"ஹெட்விக்" என்று எர்னோ மாமா கூப்பிட்டார். "ஆச்சா?"

அவள் ஒலியைத் திறந்து உள்ளதைச் சொன்னாள். "பத்து இல்ல மாமா."

"நல்லது" என்றார் எர்னோ மாமா. புத்தகத்தைத் திறந்து, தொண்டையைச் செருமி, பிற்பகல் பிரார்த்தனையைத் தொடங்கிவிட்டார்.

ஹெட்விக்குக் கை கால் ஓடவில்லை. அவள் 'பத்துப் பேர் இல்லை' என்று சொன்னாள். அவர் காதில் அது எண்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய எண்ணிக்கையாக விழுந்திருக்கிறது. எட்டு இல்ல, ஒம்பது இல்ல, பத்து இல்ல. பத்து இல்ல என்றால் பத்து ஆகிவிட்டது என்று அர்த்தம். உலகத்தில் வேறு எந்தக் கூட்டத்திலும் இந்தத் தப்பு நடக்காது.

வாயைத் திறக்கப் போனாள். எல்லோரும் பாடத் தொடங்கியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு அரை நொடி முன்னே பின்னே போய்ப் பாட்டு இழைந்து குழைந்தது. மிக்லோஷின் முகத்தில் முப்பது நாளில் முதல் தடவையாக ஏதோ தளர்ந்தது. பத்துப் பேர் வந்துவிட்டார்கள் என்று அவன் நம்பிவிட்டான்.

சொல்லாமல் விட்டால் என்ன?

பாட்டு முடிந்து, எல்லோரும் எழுந்து நின்று தனித்தனியே மௌனமாகச் சொல்லும் பகுதி வந்தது. எழுந்ததும் திரையில் முகங்கள் போய்விட்டன. வயிறுகளும் ஸ்வெட்டர் பொத்தான்களும் வரிசையாக நின்றன. லியாவின் கட்டத்தில் பல் படம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ஹெட்விக்கும் எழுந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பிரார்த்தனை சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. மிக்லோஷ் கதிஷ் சொல்வான், நன்றாகத் தூங்குவான். எர்னோ மாமா மீதும் தப்பில்லை, அவர் கேட்டதை நம்பினார். அவள் மீதும் தப்பில்லை, அவள் உண்மையைத்தான் சொன்னாள். யார் மீதும் தப்பில்லாத ஒரு பொய், பனி போல மெத்தென்று தானாக வந்து விழுந்திருக்கிறது. மனசு ஒரு கணம் அதில் சாய்ந்தும் பார்த்தது.

ஆனால் அந்தப் பக்கம் நிற்பது ஓல்கா. சமையற்கூடத்தில் கரண்டி நிரம்பாமல் சூப் ஊற்றினால் தட்டைத் திருப்பிக் கொடுத்து, "வயசானவன்னு ஏமாத்தறியா? ரொப்பு" என்று அடுப்படியே அதிரச் சொன்ன ஓல்கா. ஒன்பதை வைத்துப் பத்து என்று அவளுக்கு நீட்ட முடியுமா? நீட்டினால் இந்தப் பனிக்குள்ளிருந்தும் எழுந்து வந்து திருப்பிக் கொடுப்பாள்.

ஹெட்விக் மறுபடி எண்ணினாள். யாராவது தப்பிப் போயிருக்க மாட்டார்களா என்ற நப்பாசை. வயிறுகளின் மேல் விரலை நகர்த்தினாள். ஒண்ணு இல்ல. ரெண்டு இல்ல, மூணு இல்ல, வேராவும் இவானும். ஒம்பது இல்ல, மிக்லோஷின் தொளதொளத்த சட்டை. விரல் அதற்குப் பக்கத்தில் இருந்த கறுப்புக் கட்டத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அலுவலகம்.

அலுவலகத்தை எப்படி எண்ணுவது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகுதான் அந்தக் கட்டம் யார் என்று உறைத்தது.

கோடையில் ஓட்டு வாங்கியபோது நடந்தது ஞாபகம் வந்தது. பட்டியலை ஓல்காவிடம் வாசித்துக் காட்டினாள். இத்தனை பேர் சரி என்றார்கள், இத்தனை பேர் வேண்டாம் என்றார்கள். ஓல்கா கேட்டுவிட்டு, "உன்னோட ஓட்டு எங்கேடி?" என்றாள். ஹெட்விக் சிரித்தாள். "நான் என்ன, ஃபோன் பண்றவ." ஓல்கா சிரிக்கவில்லை. "நல்ல சௌகரியம்தான் உனக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். அன்றைக்கு அது சுருக்கென்று தைத்தது. ஏன் தைத்தது என்று தெரியாமல் ஒரு வாரம் ஓல்காவோடு பட்டும் படாமலும் பேசினாள்.

இப்போது தெரிந்தது. அது பணிவு என்று தானும் நம்பி, ஊரையும் நம்ப வைத்திருந்தாள். உண்மையில் அது சௌகரியம்தான். எண்ணப்படாதவள் வராவிட்டால் யாருக்கும் குறை இல்லை. அவள் கைகள் தேவைப்படும், இணைப்பு தேவைப்படும், பீன்ஸ் தேவைப்படும். அதையெல்லாம் தூக்கி இன்னொருத்தரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் எண்ணப்பட்டவள் போக முடியாது. அவள் இடத்தில் அவள்தான் நிற்க வேண்டும். முகத்தோடு நிற்க வேண்டும். நாற்பது வருஷமாக மற்றவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டே, தான் உட்காராமல் தப்பித்து வந்திருக்கிறாள். பிளாஸ்திரி ஒட்டிய அன்று வந்த நிம்மதி அந்தத் தப்பித்தலின் நிம்மதி.

முகங்கள் ஒவ்வொன்றாகத் திரைக்குள் இறங்கி வந்தன. எர்னோ மாமா பக்கத்தைப் புரட்டினார்.

"ஒரு நிமிஷம் மாமா" என்றாள் ஹெட்விக். "நிறுத்துங்க."

"என்ன, சத்தம் கேக்கலையா? நான் கத்தித்தானே சொல்றேன்?"

"கேக்குது. நான் பத்து இல்லன்னு சொன்னேனே, அது எண்ணிச் சொன்னதில்ல. நிஜமாவே பத்து இல்லன்னு சொன்னேன். ஒம்பதுல நின்னுடுச்சு."

மார்க் உறைந்தாற்போல இருந்தான், ஆனால் உறையவில்லை. மிக்லோஷின் கையிலிருந்த தாள் மெல்லத் தாழ்ந்தது. அந்தத் தாள் தாழ்வதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஆனா அது தப்புக் கணக்கு" என்று அவசரமாகச் சொன்னாள். "நான் ஒருத்தி இருக்கேன். என்னைச் சேர்க்காம எண்ணிட்டேன். பத்தாவது நான்தான்."

சொன்ன பிறகு காது மடல் சுட்டது. 'நான்தான்' என்ற சொல்லை இந்தக் கூட்டத்தில் இவ்வளவு சத்தமாக அவள் சொன்னதே இல்லை.

"அடிப்பாவி!" என்றாள் வேரா. "நீ இருக்கேங்கறதே மறந்து போச்சு. அந்தக் கறுப்புக் கட்டத்தை நான் ஃப்ரிட்ஜ்னு நினைச்சுட்டிருந்தேன்."

"ஃப்ரிட்ஜ்லதான் அலுவலகம்னு எழுதியிருக்குமா?" என்றார் இவான்.

"உனக்கு ஓட்டுப் போடவே தெரியல, நீ பேசாதே. வேணாம்னு சொன்ன ரெண்டு பேர்ல நீ ஒருத்தன்."

"தோத்துட்டேன், ஒத்துக்கிட்டேன். தோத்தவன் எண்ணக் கூடாதா? ஹெட்விக்கை எண்ணலாம்னுதான் நானும் சொல்றேன்."

எர்னோ மாமா கையைத் தூக்கினார். திரையை மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கி வந்து பார்த்தார். "ஹெட்விக், நீ எங்கே இருக்கே? எனக்குத் தெரியலையே."

"இங்கதான் மாமா. பிளாஸ்திரி ஒட்டியிருக்கேன்."

"ஐயையோ, எங்கே அடி?"

"எனக்கில்ல மாமா, கணினிக்கு. முகம் தெரியற இடத்துல ஒட்டி வெச்சிருக்கேன்."

எர்னோ மாமா கண்டிப்பானவர் என்று எல்லோருக்கும் தெரியும். "முகம் தெரியணும்னு சொல்லியிருக்காங்க" என்றார். குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. "முகத்தைக் காட்டும்மா."

அவள் நகத்தால் பிளாஸ்திரியின் ஓரத்தைப் பிராண்டினாள். பத்து மாதத்து ஒட்டு. துணிதான் கிழிந்து வந்தது, பசை அப்படியே நின்றது. உருளைக்கிழங்குக் கத்தியால் சுரண்டினாள். திரையில் கறுப்பு போய் ஒரு பழுப்புக் கலங்கல் வந்தது.

"மீன் தொட்டி மாதிரி இருக்கு" என்றார் இவான்.

"வெந்நீர் போடு."

"வெந்நீர் போட்டா மிஷின் செத்துடும். எண்ணெய் தடவு ஹெட்விக்."

"பிராந்தி!" என்று லியா கத்தினாள். "பிளம் பிராந்தி இருந்தா ஒரு துளி. க்ளினிக்ல நான் அப்படித்தான் எடுப்பேன்."

"பல்லா?"

"பிளாஸ்திரியை!"

மேல் அலமாரியில் பிராந்தி இருந்தது. துணி நுனியில் தொட்டுத் துடைத்தாள். நாலு இருபத்தாறு. ஒரு தேய்ப்பு, இன்னொரு தேய்ப்பு. கலங்கல் விலகி, நடுவிலிருந்து ஓர் உருவம் திரண்டது. நரைத்த முடி ஒரு பக்கம் தூக்கி நின்றது. கன்னத்தில் மாவு. ஏப்ரனில் பீட்ரூட் கறை. கன்னம் தொங்கத்தான் செய்தது.

தன் முகத்தைப் பார்த்தாள், ஒரே ஒரு தடவை. பிறகு அது தன்னைப் பார்த்துக்கொள்ளத் தேவையில்லாத முகமாகிவிட்டது. ஏனென்றால் ஒன்பது பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வணக்கம் ஹெட்விக்" என்றார் கிழட்டுச் சகோதரர்களில் மூத்தவர், அவள் அப்போதுதான் வாசலுக்குள் நுழைந்தது போல. கெட்டா தன் கணினியைச் சாய்த்தாள். நெற்றிக்குக் கீழே அவளுக்குக் கண்களும் வாயும் இருந்தன. எல்லோரும் அதையும் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

"இப்ப நான் எண்ணறேன்" என்றார் எர்னோ மாமா. "பத்து மாசமா நீதான் எண்ணறே, அதனாலதான் இந்த வம்பு." அவருடைய விரல் திரையை நோக்கி நீண்டது. தன்னிடமிருந்து தொடங்கி, ஒவ்வொருவர் முகத்திலும் நின்று, அவசரமே இல்லாமல் எண்ணினார். ஒம்பது இல்ல என்று மிக்லோஷிடம் வந்தார். பிறகு விரல் நகர்ந்து, அவருடைய திரையில் அவள் முகம் எங்கே இருந்ததோ அங்கே, சற்று அதிக நேரம் நின்றது.

"பத்து இல்ல" என்றார்.

ஹெட்விக்கின் முதுகு தானாக நிமிர்ந்தது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டபோதுகூட இப்படி நிமிர்ந்ததில்லை. சின்னப் பெருமைதான், ஒரு கட்டத்துக்குள் அடங்குகிற பெருமை. ஆனால் அதை மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. மறைக்க இடமும் இல்லை, முகம் திறந்து கிடந்தது.

"விட்ட இடத்திலேர்ந்தா மாமா?" என்று மார்க் கேட்டான்.

"முதல்லேர்ந்து. அரைகுறையா எதுவும் ஓல்காவுக்குப் பிடிக்காது." எர்னோ மாமா புத்தகத்தை மறுபடி முதல் பக்கத்துக்குப் புரட்டினார். "வேகமா சொல்வோம். ஆனா முழுசா சொல்வோம்."

வேகமாகத்தான் சொன்னார்கள். இவான் வரி முடிவதற்குள் அடுத்த வரிக்குத் தாவினார். எழுந்து நிற்கும்போது ஹெட்விக் கணினியைச் சற்று நிமிர்த்தி வைத்துக்கொண்டாள், முகம் விட்டுப் போகாமல்.

நாலு நாற்பத்து மூன்றுக்கு மிக்லோஷின் முறை வந்தது. அவள் எல்லோருடைய ஒலியையும் திறந்துவிட்டாள். எல்லா வீட்டின் சத்தங்களும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தன. கடிகாரம், குக்கர், ஒரு நாய், பனியைத் தள்ளும் வண்டி. மற்ற வெள்ளிக்கிழமைகளில் அணைத்துவிடுவாள். இன்றைக்கு விட்டுவிட்டாள்.

மிக்லோஷ் நின்றான். படிக்க ஆரம்பித்தான். முதல் வரி தெளிவாக வந்தது. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். இணைப்பின் தாமதத்தில் ஆமென்கள் ஒன்றாக விழவில்லை. கூரையிலிருந்து சொட்டும் நீர் போல, இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்துகொண்டே இருந்தன.

மூன்றாவது வரியில் மூச்சு போயிற்று. அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். தோள் ஏறி இறங்கியது. ஜெப ஆலயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் முழங்கையைப் பிடித்திருப்பார். இங்கே யாரும் யாரையும் தொட முடியாது. மணி நாலு நாற்பத்தைந்து. யாரோ ஒருவர் அவனுக்காக முடித்துவிடலாம், எர்னோ மாமாவுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு வரும். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

எர்னோ மாமா கைக்கடிகாரத்தைக் கழற்றினார். திரைக்கு நேராகக் காட்டி, எல்லோரும் பார்க்க, மேசையில் முகம் குப்புறக் கவிழ்த்து வைத்தார். பிறகு கைகட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இவானும் தன்னுடையதைக் கழற்றினார். வேரா அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். யாரும் இருமவில்லை, யாரும் 'மெதுவா' என்றுகூடச் சொல்லவில்லை. அவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதே தெரியாதபடி காத்திருந்தார்கள்.

மிக்லோஷ் தலை நிமிர்ந்தான். தாளைத் தேடி எடுத்தான். நான்கு சொல்லுக்கு ஒரு மூச்சு என்று படித்தான். சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத, புகழ்ச்சி மட்டுமே உள்ள அந்தப் பிரார்த்தனை, அவன் வாயில் படி ஏறுவது போல ஏறி, கடைசி வரிக்கு வந்து சேர்ந்தது.

ஆமென், ஆமென் என்று எல்லா வீட்டிலிருந்தும் குரல்கள் சொட்டின. பத்து மாதமாக ஒலியை அணைத்து வைத்து உதட்டசைவில் மட்டும் ஆமென் சொல்லிப் பழகிய ஹெட்விக்குத் தொண்டை உடனே திறக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் ஓய்ந்த பிறகு அவளுடையது தனியாகப் போய் விழுந்தது.

"ஆமென்."

மிக்லோஷ் அவள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். "கேட்டுச்சு அத்தை" என்றான்.

நாலு நாற்பத்தொன்பது. "சப்பாத் ஷலோம், ஓடுங்க ஓடுங்க" என்று வேரா விரட்டினாள். கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. மிக்லோஷின் கட்டம் மட்டும் இருந்தது.

"பதினோரு மாசம் கதிஷ் சொல்லணுமாம். அடுத்த வெள்ளிக்கிழமையும் நீங்க இருப்பீங்கதானே?"

பத்து மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் இருந்தவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. "இருப்பேன்டா" என்றாள். அந்தச் சொல் எவ்வளவு கனமானது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை பனி நின்று, தெருவெல்லாம் கண்ணாடியாக உறைந்திருந்தது. ஹெட்விக் மதியச் சாப்பாட்டு டப்பாக்களோடு சமையற்கூடத்து வாசலில் இறங்கினாள். வழக்கமாக ஓட்டமும் நடையுமாகப் போகிறவள், இன்று ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். வண்டியில் காத்திருந்த ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினான்.

"என்னக்கா, மகாராணி மாதிரி நடக்கறீங்க? சூப் ஆறிடும்."

"ஆறட்டும்" என்றாள் ஹெட்விக், அடுத்த அடியை வைத்தபடி. "நான் கீழே விழக் கூடாது. வெள்ளிக்கிழமை என்னை எண்ணுவாங்க."